கோதுமையும் கத்திரிக்காயும்தான் அழற்சிக்குக் காரணமா?

வணக்கம் சகோதரி. உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் எதற்குப் பதில் எழுதுகிறேன் என்பது மற்றவர்களுக்கும் புரியட்டும். அம்மாவுக்கு 61 வயது. இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர், இப்போது டவுனில் உங்களோடு இருக்கிறார். இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது, உடம்பும் பருமன், இரண்டு முழங்காலிலும் வலி. தனியார் லேப் ஒன்றில் பேக்கேஜ் போட்டு இரத்தம் கொடுத்ததில் அழற்சியைக் காட்டும் எச்எஸ்-சிஆர்பி சோதனை 4.6 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. அதைப் பார்த்த தெரிந்த அக்கா ஒருவர், "உடம்பு முழுக்க அழற்சி, எல்லாம் சாப்பாட்டால்தான்" என்று சொல்லி கோதுமை, பால், கத்திரிக்காய், தக்காளி, செம்பனை எண்ணெய் (பாமாயில்) எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னதோடு, மாதம் 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பவுடரும் கொடுத்திருக்கிறார். இத்தனையையும் நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டு விஷயம் என்று நினைக்கிறேன். அந்த 4.6 என்பது பயப்பட வேண்டிய எண்ணா? சாப்பாட்டை மாற்றினால் அம்மாவின் வலி குறையுமா?

அதற்கெல்லாம் முன்னால் பவுடரைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டு மாதமாகக் குடிக்கிறார், மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது, ஆனால் சீனி அளவு மட்டும் ஏனோ ஏறிக்கொண்டே போகிறது என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மூலிகை எதுவும் பல வருட மூட்டுத் தேய்மானத்தை மூன்று நாளில் அடக்காது. அப்படி அடக்கினால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்த "பாரம்பரிய" மருந்துகளை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு வலியைக் குறைக்கும், பசியைக் கிளப்பும், முகத்தை உப்ப வைக்கும், இனிப்புநீர்க்காரர்களின் சீனியை ஏற்றிவிடும். அந்தப் பவுடரில் இருக்கிறது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. பாக்கெட்டில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சந்தேகம் இரட்டிப்பு. இருந்தால்கூட, அது வேறொரு பொருளின் எண்ணாக இருக்கலாம், பார்மசியில் சரிபார்க்கச் சொல்லுங்கள். நாளைக் காலையிலேயே பாக்கெட்டோடு அம்மாவை அரசு கிளினிக்குக் கூட்டிப் போங்கள், ஒரு வெள்ளிதான் கட்டணம். ஆனால் வீட்டிலேயே சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துவிட்டிருக்கும், திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தம் இறங்குவது என்று ஆபத்தாகலாம். எப்படிக் குறைப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும். இடையில் மயக்கம் வந்தால் கிளினிக்குக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். நான் டயட்டீஷியன். பேராக்கில் அரசு மருத்துவமனைகளில் பல வருடம் வேலை பார்த்தவள். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்தோ, தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்களிலிருந்தோ வந்தவர்கள். அதனால் உங்கள் வீட்டு அடுப்படி எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. தவறாக ஊகித்திருந்தால் திருத்துங்கள்.

சிஆர்பி என்பது கல்லீரல் உண்டாக்கும் ஒரு புரதம். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் அதன் அளவு கூடும். நிமோனியா மாதிரி கடும் தொற்றுகளில் அது நூறைக்கூடத் தாண்டலாம். எச்எஸ் என்று முன்னால் போட்ட சோதனை, மிகச் சிறிய அளவையும் கண்டுபிடிக்கும் வகை. அமெரிக்க இதயச் சங்கம் 2003இல் வகுத்த கணக்குப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இதய ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம். 10ஐத் தாண்டினால் அது வேறு ஏதோ தொற்று அல்லது நோய் என்று எடுத்துக்கொண்டு, அது தீர்ந்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும். அம்மாவின் 4.6 'அதிகம்' என்ற கட்டத்தில் விழுகிறது, உண்மைதான். ஆனால் பருத்த உடம்பும் இனிப்புநீரும் உள்ள 61 வயதுப் பெண்ணுக்கு அது அதிசயமான எண் அல்ல. இரத்தம் கொடுத்த வாரம் சளி பிடித்திருந்தாலே ஏறியிருக்கும். ஒரே ஒரு சோதனையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விட்டு, காய்ச்சல் சளி இல்லாத நாளில் இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பதுதான் முறை. இன்னொன்று, எங்கே அழற்சி என்பதை இந்த எண் சொல்லாது. முழங்காலா, ஈறா, கல்லீரலா, வயிற்றுக் கொழுப்பா என்பது அதற்குத் தெரியாது.

இந்த மெல்லிய, நாள்பட்ட அழற்சி எங்கிருந்து வருகிறது? இங்கேதான் அந்த அக்கா பாதை மாறிப் போகிறார். ஏதோ ஒரு காயோ தானியமோ உள்ளே போய் எரிச்சலைக் கிளப்புகிறது என்பது அவர் எண்ணம். பெரும்பாலானவர்களுக்கு முதல் காரணம் அதுவல்ல, வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு. கொழுப்பு என்றால் சும்மா கிடக்கும் சேமிப்பு என்றுதான் முன்பு நினைத்தார்கள். 1993இல் ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர்கள், பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கிறது, அதுவே இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கிறது என்று காட்டினார்கள். அதன் பிறகு மனிதர்களிடமும் கொழுப்புச் செல்கள் பருக்கும்போது நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே வந்து குவிவதையும், ஐஎல்-6 என்ற இன்னொரு பொருள் அங்கிருந்து கிளம்பிக் கல்லீரலைத் தட்டிச் சிஆர்பியை உண்டாக்க வைப்பதையும் பார்த்திருக்கிறார்கள். எடை குறைந்தால் சிஆர்பி குறையும் என்பதில் சந்தேகமே இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2007ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று, ஒரு கிலோ குறைந்தால் சராசரியாக 0.13 மில்லிகிராம் குறைகிறது என்கிறது. சின்ன எண்தான். ஆனால் எட்டு கிலோ குறைந்தால் அம்மாவின் 4.6 ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும், அதுவும் எந்தப் பவுடரும் இல்லாமல்.

டேப் எடுத்துத் தொப்புள் மட்டத்தில் அம்மாவின் இடுப்பை அளந்து பாருங்கள். ஆசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பதே எல்லை. சேலையில் தெரியாது, டேப்பில் தெரியும். நம்மவர்களுக்கு இது சும்மா ஒரு கணக்கு அல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே பார்த்தால் 31.4 விழுக்காடு, கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். விடியுமுன் எழுந்து மலைக்காட்டில் ஏறி இறங்கி மரம் சீவிய காலத்தில் ஒரு மலை சோறு சாப்பிட்டாலும் செலவாகிவிட்டது. வேலை போனது, டிவி வந்தது, தட்டு மட்டும் அதே தட்டு.

அப்புறம் முழங்கால். அம்மா வயதில், மரம் சீவிக் குந்தி எழுந்து பழகிய காலில் வருவது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். முடக்குவாதம் வேறு, யூரிக் அமிலத்தால் வரும் கவுட் வேறு. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காமல் விறைத்திருந்தால் அல்லது மூட்டு சிவந்து சூடாக வீங்கினால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அதற்கெல்லாம் தனி மருந்து வேண்டும், சாப்பாடு போதாது. தேய்மானத்துக்கு எடை குறைப்பதன் பலன் நன்றாகவே சோதிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 454 பேரை 18 மாதம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. எல்லோருக்கும் முழங்கால் தேய்மானம், எல்லோரும் பருத்தவர்கள், 55 வயதுக்கு மேற்பட்டவர்கள். சாப்பாட்டைக் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தார்கள், அவர்களுக்கு வலியும் குறைந்தது, ஐஎல்-6 அளவும் குறைந்தது. அதே குழு முன்பு செய்த இன்னோர் ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைவதைப் பார்த்தார்கள். ஆக, வலி குறைந்ததில் அழற்சி குறைந்ததன் பங்கு எவ்வளவு, சுமை குறைந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு அந்தப் பிரிப்பு தேவையும் இல்லை.

இனி அந்தப் பட்டியலைப் பார்ப்போம். கத்திரிக்காய், தக்காளி இரண்டும் மூட்டு வலியைக் கூட்டும் என்பதற்கு மனிதர்களிடம் நடத்திய நல்ல ஆய்வு எதுவும் ஆதாரம் தரவில்லை. கத்திரிக்காய் அரிப்பு, புண் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பழைய பேச்சு. யாருக்காவது சாப்பிட்ட உடனே வாய் அரித்தால் அது அவருடைய ஒவ்வாமை, அதற்காக ஊரே நிறுத்த வேண்டியதில்லை. தக்காளியை நிறுத்தினால் ரசம், சாம்பார், சம்பல் எல்லாம் போய்விடும், அம்மா வெறும் கருவாட்டுக் குழம்பும் சோறுமாக உட்கார்ந்திருப்பார். பாலும் தயிரும் அழற்சியைக் கூட்டுவதில்லை என்பதே சோதனைகள் பெரும்பாலும் சொல்வது. சிலவற்றில் லேசாகக் குறைத்தும் இருக்கிறது. கோதுமை, 'சீலியாக்' என்ற நோய் உள்ளவர்களுக்குக் கட்டாயம் கூடாது. மற்றவர்களுக்கு முழுக்கோதுமையால் கெடுதல் இல்லை. ஆனால் கோதுமை என்று நாம் சொல்லும்போது மனதில் இருப்பது என்ன? ஆட்டா சப்பாத்தியா, மார்ஜரினில் புரட்டிய ரொட்டி சானாயா? ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி, இரண்டு சாப்பிட்டு மேலே ஒரு தே தாரேக் என்றால் அது அம்மாவின் ஒரு நேரச் சாப்பாட்டைத் தாண்டிவிடும். குறை சொல்ல வேண்டியது அந்த அளவை, தானியத்தை அல்ல.

செம்பனை எண்ணெய் விஷயத்தில் மட்டும் அந்த அக்கா சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, ஆனால் காரணம் வேறு. அதில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு. சோயா, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும், இது உறுதி. அழற்சியைக் கூட்டுகிறதா என்றால் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. உடனே தேங்காய் எண்ணெய்க்கு மாறலாமா என்று கேட்காதீர்கள், அதில் நிறைகொழுப்பு இன்னும் அதிகம், பத்தில் எட்டுப் பங்குக்கு மேல். இன்னொரு பக்கம், விதை எண்ணெய்களில் இருப்பதெல்லாம் ஒமேகா-6 என்ற கொழுப்பு, அதுதான் நெருப்பு என்று சொல்லும் வீடியோக்களும் சுற்றுகின்றன. கட்டுப்படுத்திய சோதனைகளில் ஒமேகா-6 கூடியதால் சிஆர்பி கூடியதாகக் காணவில்லை. நம் டவுனில் எல்லோரும் வாங்குவது அரசு உதவித்தொகையோடு ஒரு கிலோ 2 வெள்ளி 50 சென்னுக்குக் கிடைக்கும் பாக்கெட் எண்ணெய். அதை விட்டுவிட்டு ஒலிவ் எண்ணெய் வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை. நான் சொல்லும் வழி இது. பாக்கெட்டைத் திறக்கும் நாளில் மார்க்கர் பேனாவால் அதன் மேல் தேதியை எழுதுங்கள். நான்கு பேர் உள்ள வீடு, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று தேக்கரண்டி என்று வைத்தால் ஒரு கிலோ இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல் வர வேண்டும். ஒரே வாரத்தில் தீர்ந்தால் எண்ணெய் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தாளிப்பில் போகாது, பொரிப்பதில்தான் போகும்.

பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பச் சூடாக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) கறுத்துப் போன எண்ணெயில் பீசாங் கோரேங் (வாழைப்பழப் பொரியல்) பொரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூடேறச் சூடேற எண்ணெய் சிதைந்து புதுப் பொருள்கள் உண்டாகும் என்பது வேதியியல், அது நிச்சயம். விலங்குகளிடம் அது இரத்தக் குழாய்களைக் கெடுத்ததும் உண்மை. மனிதர்களிடம் எவ்வளவு என்பதில் ஆதாரம் மெலிது. நான் வீட்டில் இரண்டாம் முறைக்கு மேல் பயன்படுத்துவதில்லை, ஆனால் அதைச் சட்டமாகச் சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் விட நான் அதிகமாகப் பார்ப்பது தட்டை அல்ல, கப்பை. நம் ஊர்க் கடையில் தே போடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? டின்னிலிருந்து கெட்டிப் பாலை நீளமாக ஊற்றுவார், கரண்டியால் ஒரு வழி வழிப்பார், கப்பின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு வெள்ளையாக நிற்கும், அதற்கு மேல்தான் தே. அந்த டின்னின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பல டின்களில் 'சூசு' (பால்) என்று இருக்காது, 'கிரிமர் மானிஸ்' (இனிப்புக் கிரீமர்) என்றிருக்கும். பால் பவுடர், செம்பனைக் கொழுப்பு, சீனி மூன்றும் சேர்ந்தது. எடையில் பாதி சீனி. இரண்டு மேசைக்கரண்டி விழுந்தால் 20 கிராம் சீனி ஒரே கப்பில். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25க்குள் என்றால் இன்னும் நல்லது. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்றால் கணக்கு 60. இதில் பிஸ்கட்டைச் சேர்க்கவில்லை, வீட்டுக்கு வருபவர்களோடு குடிக்கும் மைலோவையும் சேர்க்கவில்லை. என்னிடம் வருபவர்கள், "நான் இனிப்பே தொடுவதில்லை, டாக்டர் சொன்ன நாளிலிருந்து லட்டு கூட இல்லை" என்பார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். தேயை யாரும் இனிப்புக் கணக்கில் வைப்பதில்லை.

சீனியே நேராக அழற்சியைக் கிளப்புகிறதா என்றால், இதிலும் உறுதியையும் ஊகத்தையும் பிரிக்க வேண்டும். இனிப்புப் பானம் நிறையக் குடிப்பவர்களுக்குச் சிஆர்பி அதிகமாக இருக்கிறது என்று பல கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. ஆனால் மொத்தக் கலோரியைச் சமமாக வைத்து, சீனியை மட்டும் மாற்றிச் செய்த சோதனைகளில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. அதனால் சீனி பெரும்பாலும் எடை வழியாகவும் கல்லீரல் கொழுப்பு வழியாகவும்தான் வேலை செய்கிறது என்பது என் கணிப்பு. திரவமாகக் குடித்த கலோரி வயிற்றை நிறைப்பதில்லை, அடுத்த வேளைச் சோறு குறைவதில்லை. அம்மாவிடம் ஒரே ஒரு மாற்றம்தான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்: காலைத் தேயை மட்டும் அவர் விருப்பப்படி குடிக்கட்டும், மற்ற இரண்டும் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். முதல் இரண்டு வாரம் முகம் சுளிப்பார். நாக்கு பழகிவிடும்.

சேர்க்க வேண்டியதில் முதலாவது மீன். கொழுப்புள்ள கடல் மீனில் உள்ள ஒமேகா-3, அழற்சியை அடக்கும் பொருள்களை உடம்பு உண்டாக்க உதவுகிறது. இதற்கு சால்மன் தேவையில்லை, நம் சந்தையில் கிடைக்கும் கெம்போங்கும் (கானாங்கெளுத்தி) மத்தியும் போதும், டின் சார்டினும் பரவாயில்லை, அந்தச் சாற்றில் உப்பு அதிகம் என்பதால் கொஞ்சம் வடித்துவிடுங்கள். வாரம் இரண்டு மூன்று தடவை. புளி போட்டுக் குழம்பாக வைப்பது, பொரிப்பதைவிட நல்லது, பொரிக்கும்போது மீன் கொழுப்பு வெளியே போய்ச் சட்டி எண்ணெய் உள்ளே வரும். மீன் எண்ணெய் மாத்திரை முடக்குவாதக்காரர்களுக்குப் பெரிய அளவில் கொடுத்தால் வலி குறைகிறது, தேய்மானத்துக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை.

அடுத்தது பருப்பு, கீரை, காய். நார்ச்சத்தைக் குடல் கிருமிகள் புளிக்க வைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் போன்ற அமிலங்கள் குடல் சுவரைக் காக்கின்றன, நார்ச்சத்து அதிகம் சாப்பிடுபவர்களுக்குச் சிஆர்பி குறைவாக இருப்பதும் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். வீட்டில் முருங்கை மரம் இருக்கும், கங்கோங் கீரையும் தெம்பேயும் (புளித்த சோயாக் கட்டி) சந்தையில் மலிவு. சுகாதார அமைச்சு சொல்லும் 'சூக்கு-சூக்கு-செப்பாரோ' தட்டு, அதாவது தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும், அழற்சிக்கென்று எழுதியது அல்ல, ஆனால் நான் பார்த்தவரை அழற்சியைக் குறைக்க அதைவிட நல்ல சாப்பாட்டுத் திட்டம் யாரும் விற்கவில்லை. ஸ்பெயினில் 2013இல் வெளியாகி, குறைகள் திருத்தப்பட்டு 2018இல் மறுபடி வெளியான பெரிய ஆய்வில், ஒலிவ் எண்ணெயோ கொட்டைகளோ சேர்த்த மத்தியதரைக் கடல் சாப்பாடு மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைத்தது. அதை நம் ஊருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆனால் காய், பருப்பு, மீன், கொட்டை என்ற அதன் அடிப்படை நம் அடுப்படியில் ஏற்கெனவே இருக்கிறது, சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டியாக ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

புளித்த உணவைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் தயங்குகிறேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2021இல் வந்தது. பத்து வாரம் தயிர், கிம்ச்சி, கொம்புச்சா என்று புளித்தவை நிறையச் சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்தைக் கூட்டியவர்களுக்கு அப்படி எல்லோருக்கும் ஒரே மாதிரி குறையவில்லை. சுவாரஸ்யமான முடிவு, ஆனால் 36 பேர் மிகக் குறைவு. இட்லி தோசையும் புளித்தவைதானே என்பீர்கள். வெந்ததும் கிருமிகள் செத்துவிடும். தயிரும் மோரும்தான் உயிரோடு உள்ளே போகும். மோர் குடிப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை, குடிக்கட்டும்.

மஞ்சளைக் கேட்டிருந்தீர்கள். குழம்பில் போடுவதை நிறுத்த வேண்டாம், அதை மருந்து என்றும் நினைக்க வேண்டாம். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடுதான், அதுவும் இரத்தத்தில் சேர்வது சொற்பம். மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் இருபது மடங்கு கூடுதலாகச் சேர்கிறது என்று பெங்களூரில் 1998இல் கண்டுபிடித்தார்கள், அது மாத்திரை அளவில் கொடுத்துப் பார்த்த கணக்கு. தாய்லாந்தில் 367 முழங்கால் நோயாளிகளிடம் மஞ்சள் சாற்று மாத்திரையையும் ஐபுபுரோஃபனையும் நான்கு வாரம் ஒப்பிட்டபோது வலி குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல செய்திதான், ஆனால் நான்கு வாரம் மட்டும். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சாப்பாட்டில் சேராத, ஆனால் நம் ஊரில் நான் விடாமல் கேட்கும் ஒரு கேள்வி: அம்மா வெற்றிலை பாக்கு போடுகிறாரா? ஈறு வீங்கி, பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா? நாள்பட்ட ஈறு நோய் சிஆர்பியை ஏற்றும், அதைச் சரிசெய்தால் ஓரளவு இறங்கும் என்பது சோதனைகளில் தெரிந்தது. பாக்காலேயே வாய்ப் புற்றுநோய் ஆபத்து தனியே இருக்கிறது, புகையிலை வைத்துப் போட்டால் அது இன்னும் கூடும். மாதம் 180 வெள்ளி பவுடருக்குப் போகும் காசில் ஒரு பகுதியைப் பல் டாக்டருக்குக் கொடுத்தால் அந்த எண் இறங்க வாய்ப்பு அதிகம். வீட்டில் யாராவது உள்ளே உட்கார்ந்து சிகரெட் பிடித்தால் அதையும் பாருங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது பவுடர் பாக்கெட்டோடு அந்த லேப் ரிப்போர்ட்டையும், வீட்டு மீட்டரில் எடுத்த சீனி அளவுகளைத் தேதி போட்டு எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் சோதனை) கடைசியாக எப்போது எடுத்தார்கள், கல்லீரல், சிறுநீரகச் சோதனை எப்போது என்று கேளுங்கள். அம்மாவின் இனிப்புநீர் மாத்திரை அளவை நான் இங்கிருந்து மாற்றச் சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்று கட்டாயம்: தே சீனியையும் சோற்றையும் குறைக்கும்போது, கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சீனி தாழ்ந்து போகலாம். சாப்பாட்டை மாற்றப் போகிறோம் என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டயட்டீஷியனைப் பார்க்க வேண்டும் என்று அங்கேயே கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். சிஆர்பியை மூன்று மாதம் கழித்து, காய்ச்சல் இல்லாத நாளில், அதே லேபில் எடுங்கள். இடையில் இடுப்பளவை மாதம் ஒரு தடவை எழுதி வையுங்கள். கத்திரிக்காய் வாங்கலாம்.